படிக்கிறவர் சிரிக்கக் கூடாது

எங்கள் வீட்டில் ஒரு விதி உண்டு. டிசம்பர் மாதக் கதையைப் படிக்கிறவர் சிரிக்கக் கூடாது. கேட்கிற குழந்தைகள் எப்படி வேண்டுமானாலும் சிரிக்கலாம், உருளலாம், பாயைப் பிய்க்கலாம். படிக்கிறவர் உதடு அசைந்துவிட்டால் கிறிஸ்துமஸ் பலகாரத்தில் அவருடைய பங்கு முழுவதும் குழந்தைகளுக்குப் போய்விடும். விதியைப் போட்டவர் என் தகப்பனார். கதையை எழுதியவரும் அவர்தான். எழுதியவராலேயே அந்த விதியைக் காப்பாற்ற முடியவில்லை. வருஷா வருஷம் ஏழாம் அத்தியாயத்தில் அவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். எங்கள் அம்மாள் தலையில் அடித்துக்கொண்டு அவர் பங்குக் கலகலாவை எங்களுக்கு அள்ளிப் போடுவாள்.

நான் சிரித்ததில்லை. முப்பத்தொன்பதாம் வருஷம் கிறிஸ்துமஸ் கழிந்து தகப்பனார் காலமானார். அதிலிருந்து இருபத்தொன்பது டிசம்பர் நான் படித்தேன். தம்பிமார் பிள்ளைகள், பிறகு என் மகன், பிறகு அவனுடைய பிள்ளைகள் என்று எத்தனையோ பேர் என் முகத்துக்கு நேரே முகத்தை வைத்துக் காத்திருந்து தோற்றுப் போயிருக்கிறார்கள். ஜெக்கரியா பிள்ளையின் முகம் சர்ச்சு மணிக்கூண்டு மாதிரி என்று ஊரில் சொல்வார்கள். அதை நான் குறையாக எடுத்துக்கொண்டதில்லை.

கதையின் பெயர் ‘ஒட்டகம் அடைபட்ட கதை’. இருபத்து நான்கு அத்தியாயங்கள். டிசம்பர் முதல் தேதி தொடங்கி நாளுக்கு ஒன்று. மாயவரத்தில் ஒரு சின்ன அச்சுக்கூடத்தில் நூறு பிரதி போட்டார். சொந்தக்காரர்கள் கொண்டுபோனது போக, கரையான் தின்றது போக, ஒரே ஒரு பிரதிதான் மிச்சம். அதனால் இன்னொரு விதியும் சேர்ந்துகொண்டது. புத்தகம் வாசற்படியைத் தாண்டக் கூடாது.

குழந்தை இயேசுவைப் பார்க்கப் பெத்லகேமுக்குப் புறப்பட்ட மூன்று சாஸ்திரிகள், மேகம் மறைத்ததால் நட்சத்திரத்தைத் தவறவிட்டு, கப்பல் ஏறி, தரங்கம்பாடிக் கரையில் வந்து இறங்கிவிடுகிறார்கள். பசியெடுத்த ஒட்டகம் யாருடைய நாற்றங்காலிலோ இறங்கி மேய்கிறது. பயிரை மேய்ந்த மாட்டை அடைக்கும் பவுண்டில் ஊர் அதிகாரியான பட்டாமணியார் அதை அடைத்துவிடுகிறார். விடுவிக்கலாம் என்று பார்த்தால் பவுண்டுப் பதிவேட்டில் பசு, எருமை, ஆடு, கழுதை என்றுதான் கட்டம் இருக்கிறது. ஒட்டகத்துக்குக் கட்டம் இல்லை. கட்டம் இல்லாத பிராணியை அடைக்கலாம், வெளியே விட முடியாது என்கிறார் பட்டாமணியார். சாஸ்திரிகள் காணிக்கையாகக் கொண்டுவந்த பொன்னையும் தூபவர்க்கத்தையும் வெள்ளைப்போளத்தையும் மடியில் வைத்துக்கொண்டு பவுண்டு வாசலில் உட்கார்ந்திருக்கிறார்கள். அங்கே பெத்லகேமில் குழந்தை பிறக்க நாள் நெருங்குகிறது. இதுதான் கதை.

அறுபத்தெட்டாம் வருஷம் கிறிஸ்துமஸ் அன்று கீழ்த்தஞ்சையில் கூலித் தகராறில் குடிசையோடு மனிதர்கள் எரிந்தார்கள். எங்கள் ஊர் அல்ல. ஆனால் நானும் மிராசுதார்தான். மிராசுதார்கள் சங்கத்தில் என் பெயரும் இருந்தது. “பேரை எடுத்துடுங்கப்பா” என்று ராஞ்சியிலிருந்து மகன் எழுதினான். மகன் சொல்லித் தகப்பன் பெயரை எடுப்பதா? நான் பதில் எழுதவில்லை. அடுத்த டிசம்பரில் அவன் வரவில்லை, பிள்ளைகளையும் அனுப்பவில்லை. சங்கத்துக்குப் போவதை நானாகவே எப்போதோ நிறுத்திவிட்டேன். அதையும் அவனுக்கு எழுதவில்லை.

மனைவி எழுபதில் போய்ச் சேர்ந்தாள். பிறகு நானும், சமையலுக்கு இருந்த ராமாயியும்தான். அந்த வருஷம் டிசம்பர் முதல் தேதி, காலி பெஞ்சைப் பார்த்தபடி முதல் அத்தியாயத்தைப் படிக்கத் தொடங்கினேன். மூன்றாம் பக்கத்தில் நிறுத்திவிட்டேன். கேட்பதற்கு ஆள் இல்லாவிட்டால் அந்தக் கதையில் சிரிப்பு எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. சிரிக்காமல் இருப்பதில் பெருமையும் இல்லை.

நட்சத்திரம் கட்டுவதை மட்டும் நான் விடவில்லை. வாசலில் நட்சத்திரம் இல்லாவிட்டால் வீடு நொடித்துவிட்டது என்று ஊர் பேசும். எழுபத்து மூன்றாம் வருஷம் டிசம்பர் முதல் தேதியும் கட்டி, விளக்கைப் போட்டுவிட்டு, வழக்கம்போலப் புத்தகத்தை எடுத்துத் தூசி தட்டிக்கொண்டிருந்தேன். வாசலில் இரண்டு சிறுமிகள் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெரியவளுக்கு எட்டு வயது, சின்னவளுக்கு ஆறு இருக்கும்.

“தாத்தா, இதுக்குள்ள எரியிறது பல்பா, விளக்கா?” என்றாள் பெரியவள்.

“பல்பு.”

“எங்க வீட்டுக்கும் ஒண்ணு கட்டித் தருவீங்களா?”

“இது கிறிஸ்துமஸுக்குக் கட்டறது. உங்க வீட்டுல கட்ட மாட்டாங்க.”

“ஈசா நபி பொறந்ததுக்குத்தானே கட்டியிருக்கீங்க? எங்களுக்கும் அவங்க நபிதான்.”

நான் புத்தகத்தை இன்னொரு தடவை தட்டினேன். அதற்குள் சின்னவள் உள்ளே வந்து பெஞ்சில் ஏறிவிட்டாள்.

“உட்காரச் சொன்னேனா?” என்றேன்.

“இல்ல. நின்னா கால் வலிக்கும்” என்றாள். “அது என்னா பொஸ்தகம்? படிங்க.”

யார் வீட்டுப் பிள்ளைகள் என்று எனக்குத் தெரியும். எதிர்வீட்டைச் சர்க்கார் வாடகைக்கு எடுத்திருந்தது. நவம்பரில் லியாகத் அலி என்கிற தாசில்தார் அங்கே குடும்பத்தோடு வந்து இறங்கியிருந்தார். அதிராம்பட்டினத்துக்காரர். குத்தகைக்குப் பயிரிடுகிறவன் பெயரைப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும் என்று புதிய சட்டம் வந்திருந்தது. பெயர் ஏறிவிட்டால் பிறகு அவனை யாரும் நிலத்தை விட்டு எழுப்ப முடியாது. அந்தப் பதிவுக்காகவே அனுப்பப்பட்டவர் அவர். ஆற்றோரம் உள்ள என்னுடைய ஐந்து ஏக்கருக்கு மருதையன் மனுப் போட்டிருந்தான். அவன் அப்பன் காத்தான் காலம் முதல் அவர்கள் பயிரிட்ட நிலம். எழுத்து ஒன்றும் கிடையாது, என் வாய் வார்த்தைதான். முன்னால் வந்து ஒரு சொல் சொல்லாமல் மனுப் போட்டுவிட்டான் என்பது எனக்கு உறுத்தல்.

நான் சர்க்கார் உத்தியோகஸ்தர் வீட்டுப் படி ஏறுவதில்லை. எங்கள் வாசலில் நின்றே குரல் கொடுத்தேன். அவர் கையில் பேப்பரோடு எழுந்து வந்தார்.

“தாசில்தார், உங்க பிள்ளைங்க எங்க வீட்டுல இருக்காங்க. என் பேர்ல உங்ககிட்ட ஒரு மனு இருக்கு. தெரியும்ல?”

“தெரியும்ங்க ஐயா.”

“அப்ப கூப்பிட்டுக்குங்க.”

அவர் கொஞ்சம் யோசித்தார். “மனு எங்கிட்டதானே இருக்கு, பிள்ளைங்ககிட்ட இல்லையே. கதைன்னா கேட்கட்டும். நான் தொழுதுட்டு வந்து கூட்டிக்கிறேன்” என்றார்.

அப்படித்தான் தொடங்கியது. பெரியவள் ஆமினா, சின்னவள் சஃபியா. சாயங்காலம் ஆறு மணிக்கு வந்துவிடுவார்கள். படிக்கிறவர் சிரிக்கக் கூடாது என்ற விதியை முதல் நாளே சொன்னேன். சஃபியாவுக்குக் கதையைவிட அந்த விதி பிடித்துப் போயிற்று. புத்தகத்துக்கும் என் மூக்குக்கும் நடுவில் தலையை நீட்டிக்கொண்டு என் வாயையே காவல் காத்தாள்.

“தாத்தாவுக்குப் பல்லு இல்ல. அதான் சிரிக்க மாட்டேங்குறாங்க.”

“பல் இருக்கு.”

“காட்டுங்க பாப்போம்.”

“அதுக்கு வாயைத் திறக்கணும். மாட்டேன்.”

“இப்பத் திறந்துதானே பேசுறீங்க!” என்றாள். ஆமினா விழுந்து விழுந்து சிரித்தாள். நான் பக்கத்தைத் திருப்பினேன்.

ஐந்தாம் அத்தியாயத்தில் ஒட்டகம் பட்டாமணியார் தலைப்பாகையைத் தின்றது. பதினொன்றில் பவுண்டுக் கூரையைத் தின்றது. அன்றைக்குச் சிரிப்பு அடங்காமல் சஃபியாவுக்கு விக்கல் எடுத்து, ராமாயி தண்ணீர் கொண்டுவந்தாள். பதினாறாம் அத்தியாயத்தில், பட்டாமணியார் எழுதிய கடிதத்துக்குத் தஞ்சாவூர்க் கலெக்டரிடமிருந்து பதில் வருகிறது: ‘ஒட்டகம் என்பது என்ன? நன்செய்யா, புன்செய்யா? விவரமாக எழுதவும்.’ நான் இதைப் படித்ததும் வாசல் பக்கம் பெரிய சிரிப்புச் சத்தம் கேட்டது. பிள்ளைகளைக் கூட்டிப்போக வந்த தாசில்தார் வாசல் கேட்டுக்கு வெளியே நின்று வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். அவர் ஒரு நாளும் உள்ளே வந்ததில்லை, நானும் அழைத்ததில்லை. அந்த எல்லை இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது.

அவர்கள் போன பிறகு ராமாயி பாத்திரம் கழுவுகிற சத்தம் மட்டும் கேட்கும். பிறகு அதுவும் நின்றுவிடும். பெஞ்சின் மேல் கலகலாத் தூள் சிதறிக் கிடக்கும். துடைக்க வருகிறவளை, காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிடுவேன். மறுநாள் காலையில் எழுந்ததும் கடிகாரத்தைப் பார்ப்பேன். ஆறு மணிக்கு இன்னும் பன்னிரண்டு மணி நேரம் இருக்கும்.

பதினேழாம் தேதி மத்தியானம் சோற்றைப் போட்டுவிட்டு ராமாயி நகராமல் நின்றாள்.

“ஐயா, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கக் கூடாது.”

“சொல்லு.”

“டீக்கடையில பேசிக்கிறாங்களாம். வெள்ளிக்கிழமை மருதையன் கேஸு. தாசில்தாரு புள்ளைங்களுக்குக் கதை சொல்லி, கலகலா குடுத்து, பெரியவரு காரியத்தை முடிச்சுக்கப் பாக்குறாருன்னு.”

“யார் சொன்னா?”

“யாரு சொல்லல?” என்றாள்.

கலெக்டர் பங்களாவுக்கு ஒரு கூடை மாம்பழம் அனுப்பலாம் என்று யோசனை சொன்ன கணக்குப்பிள்ளையை அன்றைக்கே வேலையை விட்டு நிறுத்தியவர் என் தகப்பனார். அவர் எழுதிய கதையையே நான் மாம்பழக் கூடையாக்கிவிட்டேன் என்று ஊர் சொல்கிறது. பாதிச் சோற்றில் கையைக் கழுவினேன். ஐந்தரை மணிக்கு நட்சத்திரத்தை அணைத்து வாசல் கதவைச் சாத்தித் தாழ் போட்டேன்.

ஆறு மணிக்குக் கதவு தட்டுகிற சத்தம். ஜன்னல் ஒரு பக்கம் திறந்திருந்தது.

“தாத்தா, இன்னிக்குப் பதினேழு” என்றாள் ஆமினா.

“கதை கிடையாது. வீட்டுக்குப் போங்க.”

“காய்ச்சலா?”

“இல்லை.”

“நாங்க ஏதாச்சும் தப்புப் பண்ணிட்டோமா?”

“இல்லை.”

“சஃபியா பல்லைப் பத்திச் சொன்னதுக்கா?”

“இல்லைன்னு சொன்னேன்ல?”

பிறகு சஃபியாவின் குரல் கேட்டது. “ஒட்டகம் உள்ளயே இருக்கே, தாத்தா.”

நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. ஆமினா தங்கையை இழுத்துக்கொண்டு போவது கேட்டது. மறுநாள் அவர்கள் வரவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. பெஞ்சைத் துடைக்கட்டுமா என்று ராமாயி கேட்டாள். துடை என்றேன்.

வெள்ளிக்கிழமை ஊர்ச் சாவடியில் விசாரணை. “கூலிக்கு வந்த பண்ணையாள்னு சொல்லிடுங்க, அதுக்கு மேல ஒண்ணும் பேசாதீங்க” என்று என் வக்கீல் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். மற்ற மிராசுதார்கள் எல்லாரும் அப்படித்தான் சொன்னார்கள். எல்லாருக்கும் அதில் நிலம் தப்பியது. மருதையன் தோளில் துண்டு போட்டுக்கொண்டு நின்றான். என் முன்னால் அவன் அப்படி நிற்பது அதுதான் முதல் தடவை. தாசில்தார் என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

“குத்தகைக்கு எழுத்து ஏதாவது இருக்கா?”

“இல்லை.”

“இந்த மருதையன் உங்க நிலத்தைக் குத்தகைக்குப் பயிர் பண்றது உண்மையா?”

வக்கீல் தொண்டையைச் செருமினார். சாவடி முழுவதும் என்னைப் பார்த்தது.

“உண்மை” என்றேன். “அவன் அப்பன் காத்தானும் பண்ணினான். இல்லைன்னு என் வாயால வராது.”

வக்கீல் காகிதங்களை மடித்துப் பைக்குள் வைத்தார். தாசில்தார் தலை நிமிர்ந்தார்.

“அப்புறம் எதுக்குங்க ஐயா ஆட்சேபணை குடுத்திருக்கீங்க?”

“எங்கிட்ட வந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அதான் ஆட்சேபணை.”

அவர் பதிவேட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “இதுல அதுக்குக் கட்டம் இல்லீங்களே ஐயா” என்றார்.

சாவடியில் யாருக்கும் அது புரியவில்லை. எனக்குப் புரிந்தது. என் உதடு அசைந்ததா இல்லையா என்று எனக்கே தெரியாது. உடனே துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். அன்று சாயங்காலமே மருதையன் பெயருக்குப் பதிவு உத்தரவானது.

அந்தக் குழந்தைகளுக்காக நான் அப்படிச் சொன்னேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். பொய் சொல்லும் வழக்கம் எங்கள் குடும்பத்தில் இல்லை, அவ்வளவுதான். ஆனால் வீட்டுக்கு நடந்து வரும்போது ஒன்று தோன்றியது. கேஸில் தோற்றாகிவிட்டது. இனி யாருக்குக் கதை படித்தாலும் எவனும் வாய் திறக்க முடியாது. வந்ததும் நட்சத்திரத்தைப் போட்டேன். கதவை அகலத் திறந்து வைத்தேன். பதினேழாம் அத்தியாயத்தில் அடையாளத்துக்கு ஒரு வேப்பங்குச்சி வைத்திருந்தேன். அதை எடுத்துவிட்டுப் பக்கத்தை விரித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

அவர்கள் வரவில்லை. சனிக்கிழமையும் வரவில்லை. எதிர்வீட்டு ஜன்னலில் ஒரு சின்னத் தலை தெரிந்து மறைந்தது. கதவைச் சாத்தியவன் திறந்துவிட்டால் போதாது, போய்க் கூப்பிடவும் வேண்டும். அது எனக்குத் தெரியாமல் இல்லை. இருபது அடி அகலத் தெரு. ஆனால் அறுபத்தேழு வருஷம் நான் யார் வீட்டு வாசலிலும் போய் நின்று, வாருங்கள் என்று கெஞ்சியதில்லை. ராஞ்சிக்கே போனதில்லை.

ஞாயிற்றுக்கிழமை நான் ஆராதனை முடிந்து வந்ததும் ராமாயி சொன்னாள். “தாசில்தாருக்குப் பட்டுக்கோட்டைப் பக்கம் மாத்தலாயிடுச்சாம். பத்து நாள்ல அவங்களுக்கு ஹஜ்ஜுப் பெருநாள். அதுக்குள்ள சொந்த ஊருக்குப் போயிடணும்னு நாளைக்குக் காலைல பஸ்ஸுக்குக் கெளம்புறாங்க. சாமானெல்லாம் கட்டியாச்சு.”

அன்று சாயங்காலமும் கதவு திறந்திருந்தது.

திங்கட்கிழமை காலையில் லேசான தூறல். எதிர்வீட்டு வாசலிலிருந்து சாமான் வண்டி புறப்பட்டது. பின்னாலேயே குடைக்குள் தாசில்தாரும் அவர் மனைவி ஹமீதா பானுவும் நடந்தார்கள். சஃபியா ஒரு தடவை திரும்பி எங்கள் நட்சத்திரத்தைப் பார்த்தாள். பகலில் அது வெறும் காகிதம்தான். வண்டி தெருமுனையில் திரும்புகிறவரை நின்றேன். பிறகு உள்ளே போய்ப் புத்தகத்தை ஈரம் படாமல் துண்டில் சுற்றி, கக்கத்தில் வைத்துக்கொண்டு, படியிறங்கினேன். “ஐயா, பொஸ்தகம்!” என்று ராமாயி பின்னாலிருந்து கத்தினாள். நான் திரும்பவில்லை.

பஸ் நிற்கிற இடத்தில் ஒரு கொட்டகை உண்டு. வீரசோழன் ஆற்றில் தண்ணீர் கரை வழிந்து ரோட்டில் ஓடுவதால் மாயவரம் பஸ் தாமதம் என்றார்கள். பத்துப் பதினைந்து பேர் நின்றிருந்தார்கள். மருதையனும் இருந்தான், தாசில்தாருடைய டிரங்குப் பெட்டியை அவன்தான் வண்டியிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் தோள் துண்டைத் தொட்டான். பிறகு எடுக்காமல் அப்படியே விட்டுவிட்டான்.

நான் பிள்ளைகள் உட்கார்ந்திருந்த கட்டையில் போய் உட்கார்ந்தேன். ஊரார் பார்த்தார்கள். நான் பஸ் கொட்டகையில் உட்கார்ந்து அவர்கள் அதுவரை பார்த்ததில்லை.

“பதினேழு” என்றேன்.

ஆமினா அவள் வாப்பாவைப் பார்த்தாள். அவர் தலையசைத்தார். சஃபியாவுக்குக் கோபம் தீரவில்லை என்று முகத்தில் தெரிந்தது. ஆனால் நகர்ந்து வந்து, பழைய இடத்தில், புத்தகத்துக்கும் என் மூக்குக்கும் நடுவில் தலையை நீட்டினாள்.

பதினேழு, பதினெட்டு, பத்தொன்பது. நாளுக்கு ஒன்றுதான் என்பதெல்லாம் அன்று இல்லை. இருபதாம் அத்தியாயத்தில் பட்டாமணியார் ஒட்டகத்தை எருமை என்று எழுதிவிடலாமா என்று ஊர்க்கூட்டம் போடுகிறார். எருமை வைத்திருப்பவர்கள் தங்கள் எருமைகளுக்கு அது அவமானம் என்று சண்டைக்கு வருகிறார்கள். கொட்டகையில் நின்றிருந்தவர்கள் ஒவ்வொருவராக நெருங்கி வந்தார்கள். யாரோ பின்னாலிருந்து, “கொஞ்சம் சத்தமா படிங்கய்யா” என்றார்கள். மருதையன் பெட்டிமேல் உட்கார்ந்து தொடையில் தட்டிச் சிரித்தான். அவனுடைய மாடுகள் எங்கள் ஊர்ப் பவுண்டுக்கு எத்தனை தடவை போயிருக்கும் என்று எனக்குத் தெரியும். என் ஆட்கள்தான் ஓட்டிப்போய் அடைத்தார்கள். நான் வரியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

இருபத்துமூன்று முடிந்தது. ஒட்டகம் இன்னும் உள்ளேதான் இருந்தது.

“கடைசியில என்னா ஆவும்னு எனக்குத் தெரியும்” என்றாள் ஆமினா.

“என்ன ஆகும்?”

“அத்தனை நாளா அந்த எடத்துலயே இருக்குல்ல? அந்த எடத்துக்குக் குத்தகைதாரரு ஒட்டகம்தான்னு பதிஞ்சிடுவாங்க. அப்புறம் யாரும் அதை எழுப்ப முடியாது. எங்க வாப்பா இருந்தா அப்படித்தான் எழுதுவாங்க.”

ஹமீதா பானு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். “ஆமினா!” என்று தாசில்தார் அதட்டினார். மருதையன் துண்டைக் கடித்துக்கொண்டு வேறு பக்கம் திரும்பினான். அவன் தோள் குலுங்கியது. எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். மணிக்கூண்டு அசையவில்லை.

“இருபத்து நாலு படிக்கலாமா?” என்றேன்.

பஸ் ஹாரன் அடித்தது. தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வந்து நின்றது. பெட்டி, படுக்கை, மண்ணெண்ணெய் ஸ்டவ் எல்லாம் ஏறின. கண்டக்டர் அவசரப்படுத்தினார். தாசில்தார் படியில் கால் வைத்துவிட்டு இறங்கி வந்தார்.

“வர்றேங்க ஐயா. மன்னிச்சுக்கணும். சின்னப் பிள்ளை.”

“என்ன தப்பாச் சொன்னா? போயிட்டு வாங்க.”

ஜன்னலிலிருந்து சஃபியா தலையை நீட்டினாள். அப்போதுதான் அன்று முதல் தடவையாக என்னோடு பேசினாள்.

“தாத்தா, கடைசி அத்தியாயத்துல சிரிச்சிடுவீங்களா?”

“மாட்டேன்.”

“நான் பாக்கலன்னா சிரிச்சிடுவீங்க.”

“சிரிச்சா என் பங்கு உனக்கு.”

“ஒட்டகம் வெளிய வந்துடும்தானே?” என்றாள். நான் பதில் சொல்வதற்குள் பஸ் நகர்ந்துவிட்டது. மருதையன் என்னிடம் ஏதோ சொல்ல வாயெடுத்தான். நான் புத்தகத்தைத் துண்டில் சுற்றுவதில் கவனமாக இருந்தேன். அவன் போய்விட்டான்.

சாயங்காலம் ஆறு மணிக்கு விளக்கைப் போட்டு உட்கார்ந்தேன். படிக்காமல் விட்டால் ஒட்டகம் இன்னொரு வருஷம் உள்ளேயே கிடக்கும். காலி பெஞ்சைப் பார்த்து, வாய்விட்டுத்தான் படித்தேன்.

இருபத்து நான்காம் அத்தியாயத்தில் பட்டாமணியார் மனம் இளகி, ‘உயரமான பசு ஒன்று, முதுகு கோணல், கொம்பு இல்லை’ என்று எழுதி, அதே சீட்டை ஒட்டகத்தின் கழுத்தில் கட்டி விட்டுவிடுகிறார். சாஸ்திரிகள் விழுந்தடித்துக்கொண்டு பெத்லகேம் போகிறார்கள். பொன்னை வைக்கிறார்கள், தூபவர்க்கம் வைக்கிறார்கள், வெள்ளைப்போளம் வைக்கிறார்கள். எல்லாம் பயபக்தியாக நடக்கிறது. கடைசியில் ஒட்டகமும் தலையைக் குனிந்து வணங்குகிறது. கழுத்துச் சீட்டு தொட்டிலுக்கு மேலே தொங்குகிறது. யோசேப்பு அதை எடுத்து வாசிக்கிறார். “உயரமான பசு ஒன்று...”

இந்த இடத்தில் என் காதில் ஆமினாவின் குரல் கேட்டது. அந்த இடத்துக்குக் குத்தகைதாரர் ஒட்டகம்தான்; அப்புறம் யாரும் அதை எழுப்ப முடியாது. தோளில் துண்டு போட்டுக்கொண்டு ஒட்டகம் சாவடியில் நிற்கிறது. எழுத்து இருக்கா என்று கேட்கிறார்கள். அது தலைப்பாகையை மென்றுகொண்டிருக்கிறது. மிராசுதார் எழுந்து, எங்கிட்ட வந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் என்கிறார். ஒட்டகத்தைப் பார்த்து.

எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. முதலில் இருமல் என்றுதான் நினைத்தேன். பிறகு அடக்க முடியவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தேன். புத்தகம் மடியிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது. என் தகப்பனார் சிரிக்கிற மாதிரியே சத்தம் வந்தது. தோளைக் குலுக்கி, மூச்சு வாங்கி. அந்தச் சத்தத்தை முப்பத்துநான்கு வருஷம் கழித்துக் கேட்டேன்.

சமையல் உள்ளிலிருந்து ராமாயி ஓடி வந்தாள். “யாரு வந்திருக்கா?”

“யாரும் வரல.”

“சிரிக்கிற சத்தம் கேட்டுச்சே?”

“நான்தான்” என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள், காலி பெஞ்சைப் பார்த்தாள். பிறகு உள்ளே போனாள்.

கிறிஸ்துமஸ் அன்று ஆராதனை முடிந்து வந்தபோது இலையில் கலகலாவும் அச்சுமுறுக்கும் இருந்தன. எடுத்துவிடச் சொன்னேன். வயிறு சரியில்லையா என்று கேட்டாள். அது என் பங்கு இல்லை என்றேன். ஒரு பிஸ்கட் டப்பாவைத் துடைத்துக் கொண்டுவரச் சொல்லி, என் பங்கு முழுவதையும் அதில் வைத்தேன். ஒரு கடிதமும் எழுதி வைத்தேன்.

‘சஃபியாவுக்கும் ஆமினாவுக்கும். இருபத்து நான்காம் அத்தியாயம், மூன்றாம் பக்கத்தில் சிரித்துவிட்டேன். சாட்சி கிடையாது. இருந்தாலும் உண்மை. விதிப்படி என் பங்கு இத்துடன் வருகிறது. ஒட்டகம் வெளியே வந்துவிட்டது. எப்படி வந்தது என்று எழுத மாட்டேன், அது படித்துக் கேட்க வேண்டியது. அடுத்த டிசம்பர் முதல் தேதி சாயங்காலம் ஆறு மணிக்குக் கதவு திறந்திருக்கும். ஜெக்கரியா.’

மறுநாள் காலையில் டப்பாவைத் துணியில் வைத்துத் தைத்தோம். விலாசத்தில் தெருப் பெயர் எனக்குத் தெரியவில்லை. லியாகத் அலி, தாசில்தார், அதிராம்பட்டினம் என்று மட்டும் எழுதினேன். ராமாயி ஊசியை வைத்துவிட்டு, மிச்சப் பலகாரம் இருந்த தூக்குச்சட்டியைத் திறந்து பார்த்தாள்.

“இதுல இன்னும் எவ்வளவோ கெடக்கு. ராஞ்சிக்கும் ஒரு டப்பா போடலாமில்ல?”

“கதை கேட்டவங்களுக்குத்தான் பங்கு. அவங்க கேட்கலையே.”

“நீங்க கூப்பிட்டாத்தானே கேக்கறதுக்கு” என்றாள்.

தபாலாபீஸ் பத்து மணிக்குத் திறக்கும். மணி எட்டுதான் ஆகியிருந்தது. பேனா இன்னும் மூடாமலே கிடந்தது. நான் அதை மூடவும் இல்லை, எடுக்கவும் இல்லை.